மண்ணுக்கு அடியில் ஒரு பழைய நாடு

மறுநடவுக்காக நிலத்தைப் புரட்டும் போது மண்ணோடு மண்ணாக என்னென்னவோ வெளிப்படுகின்றன. பழைய வேர்த்துண்டு, உடைந்த மங்கு, துருவேறிய வாளிப்பிடி, சில சமயங்களில் ஒரு செங்கல் துண்டு. நாம் அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். பெரும்பாலும் அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கெடா மாநிலத்தில் குனோங் ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் அவ்வாறு ஒதுக்கப்பட்ட செங்கல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வனையப்பட்டதாக இருந்திருக்கலாம். கருநிறக் கல் என்று எண்ணி வீசியது ஒரு பழைய இரும்பு உலையின் கிட்டமாக இருந்திருக்கலாம்.

நம் நாட்டின் மிகப் பழைய காலத்தைப் பற்றி அக்காலத்தவர் எழுதி வைத்த நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கல்வெட்டுகளும் மிகச் சிலவே. ஆதலால் தீபகற்பத்தின் தொன்மையை அறிய விரும்புவோர் மண்ணைத்தான் நாடவேண்டியிருக்கிறது. மண்ணைத் தோண்டிப் பழமையை ஆராயும் கலையே தொல்பொருளாய்வு எனப்படுவது. அதனை இக்கட்டுரையில் ஓரளவு அறிந்துகொள்வோம்.

தோட்டத்துக்கும் இந்த ஆய்வுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு மிக நெருக்கமானது. பழைய கெடாவின் சின்னங்களுள் பல ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவேதான் கண்டெடுக்கப்பட்டன. ஆய்வாளர்களின் பழைய அறிக்கைகளில் ‘சுங்கை பத்து எஸ்டேட்’ என்னும் பெயர் ஓர் ஆய்விடத்தின் பெயராகவே வழங்குகிறது.

மண் எவ்வாறு காலத்தைக் காட்டுகிறது?

பால்வெட்டுத் தொழிலாளர்க்கு இதனை விளக்குவது எளிது. அனுபவமுள்ள ஒருவர் ஒரு ரப்பர் மரத்தின் பட்டையைக் கண்ட அளவிலேயே, எந்தப் பக்கம் முதலில் வெட்டப்பட்டது, எத்தனை ஆண்டுகளாக வெட்டப்படுகிறது, எங்கே கத்தி ஆழப் பாய்ந்து மரத்தைக் காயப்படுத்தியது என்றெல்லாம் கூறிவிடுவார். மரம் பேசுவதில்லை, எனினும் பட்டையில் உள்ள வெட்டுகளின் வரிசை பேசுகிறது. அதே மரத்தை வீழ்த்தித் துண்டு துண்டாக்கிய பின், ஒரு பட்டைச் சில்லை மட்டும் அவர் கையில் கொடுத்துக் கேட்டால் என்ன சொல்வார்? இது ரப்பர்ப் பட்டை என்பார். அதற்கு மேல் அவராலும் கூற இயலாது.

மண்ணும் அத்தகையதே. ஆற்று வெள்ளம் வண்டலைப் பரப்புகிறது. இலை உதிர்ந்து மக்குகிறது. மனிதர் தீ மூட்டிய சாம்பல் படிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஓர் அடுக்கின்மேல் மற்றோர் அடுக்கு ஏறுகிறது. குலையாத நிலத்தில் கீழடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. ஒரு பானை ஓட்டைக் காட்டிலும் அவ்வோடு எந்த அடுக்கில், எதற்கு அருகில் கிடந்தது என்பதே ஆய்வாளருக்கு முதன்மையானது. இடத்தை விட்டுப் பெயர்த்த பொருள், மரத்தை விட்டு உரித்த பட்டைச் சில்லைப் போன்றது.

அதே அடுக்கில் கரித்துண்டு கிடைக்குமாயின் ஆண்டையும் ஓரளவு கணிக்கலாம். உயிருள்ள மரமும் விலங்கும் காற்றிலும் உணவிலுமிருந்து ஒருவகைக் கதிரியக்கக் கரியைச் சிறிதளவு பெற்றுக்கொண்டே இருக்கின்றன. உயிர் நீங்கியதும் அது வருவது நின்றுவிடுகிறது. உள்ளதும் மெல்ல மெல்லக் குறைகிறது. ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும்; அடுத்த 5,730 ஆண்டுகளில் அப்பாதியும் பாதியாகும். எஞ்சியிருப்பதை அளந்தால் அம்மரம் வெட்டப்பட்ட காலம் புலப்படும். இம்முறை சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் பயன்படும். அதற்கும் முற்பட்டவற்றை அளக்க வேறு முறைகள் உள்ளன. அவற்றை இங்கே விரிக்கப் புகவில்லை.

லெங்கோங் பள்ளத்தாக்கு

பேராக் மாநிலத்தின் வடபகுதியில், பேராக் ஆற்றின் கரையோரமாக அமைந்தது லெங்கோங். கோலகங்சாரிலிருந்து கிரிக் செல்லும் வழியில் இவ்வூரைக் கடந்து சென்றவர் நம்மில் பலர் இருக்கக்கூடும். அங்குள்ள கோத்தா தம்பான் என்னும் இடத்தில் 1938-ஆம் ஆண்டில் காலிங்ஸ் என்பவர் கற்கருவிகளைக் கண்டார். பின்னர் 1987-ஆம் ஆண்டில் பேராசிரியர் ஜுரைனா மஜிட் தலைமையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே முறையாக அகழ்ந்தனர். அப்போது வெளிப்பட்டது வெறும் கருவிக் குவியலன்று, ஒரு பட்டறை. அடிகல்லாக வைக்கப்பட்ட பெரிய கல், அடிப்பதற்கான சுத்தியல் கல், பாதி செதுக்கிய கூழாங்கல், செதுக்கும் போது தெறித்த சில்லுகள் ஆகிய யாவும் விட்டுச் சென்ற இடத்திலேயே கிடந்தன. இக்கருவிகளோடு சேர்ந்து எரிமலைச் சாம்பலும் காணப்பட்டது. அது சுமத்திராவின் தோபா எரிமலை வெடித்த போது காற்றில் பரவி வந்து படிந்த சாம்பல்.

அந்தச் சாம்பலுக்கு முதலில் 31,000 ஆண்டு வயது கூறப்பட்டது. பின்னர் தோபாவின் பெருவெடிப்பு மேலும் துல்லியமாக அளக்கப்பட்டதால், ஏறத்தாழ 74,000 ஆண்டு என்று திருத்தப்பட்டது. இதனை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தொல்பொருளாய்வில் இன்று கூறப்படும் ஆண்டு நாளை மாறலாம். அவ்வாறு மாறுவது ஆய்வின் குறையன்று. புதிய சான்று வந்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்வதுதான் அதன் முறை.

அதே பள்ளத்தாக்கிலுள்ள புக்கிட் புனோவில் பழங்காலத்தில் ஒரு விண்கல் வீழ்ந்து பாறைகளை உருக்கியது. அங்கே உருகி இறுகிய பாறைக்குள் கற்கருவிகள் அகப்பட்டிருப்பதாகவும், அப்பாறைக்கு 18 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டு வயது என்றும் ஆய்வாளர் அறிவித்தனர். இக்கணிப்பை ஏற்போரும் உளர், ஐயுறுவோரும் உளர். அவ்விவாதம் எவ்வாறு முடிந்தாலும், லெங்கோங்கின் தொன்மையைப் பற்றிய பொது மதிப்பில் ஐயமில்லை. 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு லெங்கோங் பள்ளத்தாக்கை உலக மரபுடைமை இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

பேராக் மனிதர்

லெங்கோங்கில் கிடைத்தவற்றுள் நம் மனத்தை மிகுதியும் ஈர்ப்பது கருவியன்று. ஒரு மனிதரின் எலும்புக்கூடு. 1990-ஆம் ஆண்டில் குனோங் ருந்து குகையில் அது அகழ்ந்தெடுக்கப்பட்டது. நூல்கள் அவரைப் ‘பேராக் மனிதன்’ என்று குறிக்கின்றன. ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டு மூத்தவரை ‘அவன்’ என்று எழுத நம் கை தயங்குவதால் இங்கே ‘அவர்’ என்றே குறிக்கின்றோம்.

அவர் ஆண், நாற்பது வயதைக் கடந்தவர், உயரம் சுமார் 157 சென்டிமீட்டர். கருவிலுள்ள குழந்தையைப் போல முழங்கால்களை மடக்கிய நிலையில் அவரைக் கிடத்திப் புதைத்திருந்தனர். உடலைச் சுற்றிலும் கற்கருவிகள் இருந்தன. ஆயிரக்கணக்கான ஆற்று நத்தை ஓடுகளும், மான், காட்டுப்பன்றி, குரங்கு முதலியவற்றின் எலும்புகளும் இருந்தன. மறைந்தவருக்கு உணவு படைத்து வழியனுப்பியிருக்கின்றனர் என்பது தெளிவு.

எலும்புகளை ஆய்ந்தோர் ஒரு செய்தியைக் கண்டறிந்தனர். அவருடைய இடக்கை பிறவியிலேயே குறைபாடுடையது. விரல்களின் நடு எலும்புகள் மிகவும் குறுகியிருந்தன. முன்கையும் வலக்கையினும் சிறுத்திருந்தது. அக்காலத்தில் உழவில்லை, பயிரில்லை. நாள்தோறும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் நத்தை பொறுக்கியுமே உண்ணவேண்டும். அத்தகைய வாழ்வில், ஒரு கை வழங்காத குழந்தை நாற்பது ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்திருக்கிறது. அதனை வளர்த்தவர் யார், பகிர்ந்து உண்டவர் யார் என்பதற்கு எழுத்துச் சான்று ஏது? ஆயினும் எவரோ வளர்த்தனர், எவரோ பகிர்ந்தனர். இறந்த பின்னும் அவரை எளிதாக எறிந்துவிடாமல், பலரும் கூடிக் கொணர்ந்த பொருள்களோடு சிறப்பாகப் புதைத்தனர். அவர் அக்கூட்டத்தில் மதிப்புக்குரிய இடம் பெற்றிருந்தார் என்று ஆய்வாளர் கருதுவர்.

அந்த நத்தை ஓடுகளையும் எலும்புகளையும் எவரேனும் முன்னரே கிளறி எடுத்திருந்தால், இவற்றுள் எதனையும் நாம் அறிந்திருக்க மாட்டோம். குகையில் ஒரு மண்டையோடு கிடைத்தது என்பதோடு செய்தி முடிந்திருக்கும்.

இத்தகைய வேட்டைக் கூட்டத்தாரை ‘ஹோவாபின்யர்’ என்பர். வியட்நாமில் ஹோவாபின் என்னும் மாநிலத்தில் முதலில் அறியப்பட்டதால் வந்த பெயர் அது. ஆற்றுக் கூழாங்கல்லின் இரு பக்கமும் செதுக்கிய கருவி அவர்களுடைய அடையாளம். நம் வடபகுதிக் காடுகளில் வாழும் செமாங் மக்களின் முன்னோர் இவர்களோடு தொடர்புடையவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

சிப்பி மேடு, உழவு, உலோகம்

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் குவார் கெப்பா என்னுமிடத்தில் கடற்சிப்பி மேடுகள் இருந்தன. கடற்கரை மக்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தின்று எறிந்த சிப்பிகளே மேடுகளாகக் குவிந்தவை. 1860-ஆம் ஆண்டளவில் எர்ல் என்னும் ஆங்கில அதிகாரி அவற்றைப் பார்வையிட்ட காலத்திலேயே, சுண்ணாம்பு சுடுவதற்காகச் சிப்பிகள் வெட்டியெடுக்கப்பட்டு வந்தன. வரலாறு காளவாயிலே வெந்தது என்றே கூறவேண்டும். பின்னர் அங்கு அகழ்ந்தெடுத்த மனித எலும்புகள் நெதர்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. எல்லாம் முடிந்தது என்று எண்ணியிருந்த வேளையில், 2017-ஆம் ஆண்டில் அங்கே ஒரு காட்சியகம் எழுப்பும் பணியின் போது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. வேலையை நிறுத்தி ஆய்வாளரை அழைத்ததால் அது முறையாக எடுக்கப்பட்டது. அவருக்குப் ‘பினாங்குப் பெண்’ என்று பெயரிட்டுள்ளனர்.

கிளந்தான் உட்பகுதியில் நெங்கிரி ஆற்றங்கரையில் உள்ள குவா சா குகை வேறொரு மாற்றத்தைக் காட்டுகிறது. 1954-இலும் 1979-இலும் அங்கு அகழ்வு நடந்தது. கீழடுக்கில் செதுக்கிய கற்கருவியுடன் வேட்டையாடிகளின் புதைகுழிகள் இருந்தன. மேலடுக்கில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரி, மண்பாண்டம், கல்வளையல் ஆகியவற்றுடன் பிற்காலத்தவரின் புதைகுழிகள் இருந்தன. ஒரே குகையின் மண் இரண்டு வாழ்க்கை முறைகளை அடுத்தடுத்துக் காத்து வைத்திருந்தது. தேய்த்த கற்கோடரியைக் கண்டெடுத்த கிராம மக்கள் அதனை இடியோடு வானிலிருந்து விழுந்த கல் என்று நம்பி, ‘பத்து லிந்தார்’ என்று பெயரிட்டு வீட்டில் பாதுகாத்தனர். அந்நம்பிக்கையால் பல கோடரிகள் அழியாமல் தப்பின.

அதன் பின்னர் உலோகம் வந்தது. சிலாங்கூரில் பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங்கில் 1964-ஆம் ஆண்டு இரு வெண்கல முரசுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஒரு மரப்பலகையின் மீது வைத்துப் புதைத்திருந்தனர். வட வியட்நாமின் டோங்சோன் பண்பாட்டைச் சார்ந்த முரசுகள் அவை. பேராக்கின் பெர்னாம் பள்ளத்தாக்கில் கற்பலகைகளால் அமைத்த கல்லறைகளில் இரும்புக் கருவிகளும் மணிகளும் கிடைத்தன. மாத்தாங் அருகே கோலா செலின்சிங்கில், சதுப்புநிலக் காட்டுக்குள் வாழ்ந்த மக்கள் மணி கோத்து வாணிகம் செய்தனர். ‘ஸ்ரீ விஷ்ணுவர்மன்’ என்று எழுத்துப் பொறித்த செந்நிற மணிக்கல் முத்திரை ஒன்றும் அங்கே கிடைத்தது. இவற்றையெல்லாம் விரிவாக எழுத இடமில்லை. கெடாவுக்குச் செல்வோம்.

பூஜாங் பள்ளத்தாக்கு

வங்கக் கடலைக் கடந்து கிழக்கு நோக்கி வரும் மாலுமிக்கு முதலில் தென்படும் பெரிய அடையாளம் குனோங் ஜெராய். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை, கடற்கரைக்கு அருகிலேயே தனித்து எழுந்து நிற்கிறது. அதன் அடியில் மெர்போக் ஆறும், சற்றுத் தெற்கே மூடா ஆறும் கடலில் கலக்கின்றன. பாய்க்கப்பல் காலத்தில் காற்றின் திசைதான் பயணத்தின் திசை. தென்மேற்குக் காற்றில் இந்தியாவிலிருந்து வந்த கப்பல், வடகிழக்குக் காற்று தொடங்கும் வரை திரும்ப இயலாது. ஆகவே தங்கிக் காத்திருக்க ஒரு துறை வேண்டும். உணவும் நீரும் வேண்டும். பண்டம் மாற்றச் சந்தை வேண்டும். அத்தகைய துறையாகப் பழைய கெடா வளர்ந்தது.

அப்பகுதிக்கு வந்த மாலுமி ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும். 1834-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி செபராங் பிறையில் ஒரு கற்பலகையைக் கண்டார். அதில் ஒரு பௌத்தத் தூபியின் உருவமும் வடமொழி எழுத்தும் உள்ளன. இரத்தமிருத்திகை, அதாவது செம்மண் நாடு, என்னும் ஊரைச் சேர்ந்த பெருமாலுமி புத்தகுப்தன் தன் பயணம் இனிது முடிய வேண்டிக்கொண்டு வைத்த கல் அது. எழுத்தின் அமைதியை நோக்கி அதனை கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். பாய்மரக் கப்பலில் உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்த ஒருவரின் வேண்டுதல் அது. ஊர் திரும்பினாரா என்பது கல்லில் இல்லை.

1936, 1937 ஆகிய ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பாரும் அவர் துணைவியாரும் பூஜாங் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முப்பது இடங்களை அகழ்ந்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டனர். அவற்றுள் எட்டாம் எண் பெற்றதே புக்கிட் பத்து பகாட் கோயில். ‘செதுக்கிய கல் குன்று’ என்பது அப்பெயரின் பொருள். ஆய்வாளர் வருவதற்கு முன்பே ஊர் மக்கள் அதனை அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று. 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் அக்கோயில் மீண்டும் அடுக்கி அமைக்கப்பட்டது. அப்பணியின் போது ஆறு கற்பெட்டிகள் கட்டடத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள். குழிகளில் பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றாலான சிறு பொருள்களும் மணிக்கற்களும் இருந்தன. கோயில் எழுப்பும் போது அடியில் பொன்னும் மணியும் இடும் வழக்கத்தை நாம் அறிவோம். ஆயினும் அக்கோயில் தமிழகத்துக் கோயிலின் படியன்று. அதன் கற்கள் மலையாற்றின் கருங்கற்கள். தூண்களும் கூரையும் மரத்தால் ஆனவை. தூண்கள் நின்ற கல் தாங்கிகளை இன்றும் காணலாம். வழிபாட்டு முறை கடல் கடந்து வந்தது; கட்டும் கை இவ்விடத்துக் கை.

சுங்கை பத்துவில் உலை

பல்லாண்டுகள் வரை பூஜாங் என்றால் கோயில்கள் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். 2007-ஆம் ஆண்டுக்குப் பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் தோட்ட நிலத்துக்குள் இருந்த மண்மேடுகளை ஆராயத் தொடங்கினர். அங்கே வெளிப்பட்டவை இரும்பு உருக்கிய உலைக்களங்கள். உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழல்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. கிட்டம் கருங்குவியலாக இருந்தது.

அத்தொழில் நடந்த முறையை எண்ணிப் பார்ப்போம். இரும்புத் தாதுக் கல்லை வெட்டி உடைக்கவேண்டும். காட்டு மரத்தை வீழ்த்தி மூட்டம் போட்டுக் கரி சுடவேண்டும். களிமண்ணைப் பிசைந்து உலையும் குழலும் செய்யவேண்டும். தாதையும் கரியையும் உலையிலிட்டு, குழல் வழியே துருத்தியால் இடைவிடாது காற்று செலுத்தவேண்டும். காற்று தளர்ந்தால் உலை தணியும், உழைப்பெல்லாம் வீண். வெப்பம் மிகுந்த போது கழிவு உருகிக் கிட்டமாக ஒழுகும். இரும்பு கட்டியாகத் தங்கும். அதனைச் சிவக்கக் காய்ச்சி அடித்தடித்துத் தூய்மை செய்யவேண்டும். வெப்பத்தில் வெந்து அடைபட்ட குழல் பயனற்றதாகும். புதிய குழல் வேண்டும். குவிந்து கிடக்கும் குழல்கள் ஒவ்வொன்றும் எவரோ ஒருவர் வியர்வை சிந்திய வேலைநாளின் எச்சம்.

ஆற்றோரத்தில் செங்கல்லால் கட்டிய படகுத்துறைகளும் அங்கே வெளிப்பட்டன. இன்று சுங்கை பத்து சிறு ஓடையாகக் காட்சியளிக்கிறது. அக்காலத்தில் மெர்போக்கின் நீர்ப்பரப்பு உள்நாட்டுக்குள் நீண்டிருந்தது. வண்டல் படிந்து படிந்து நிலமாயிற்று. உள்ளூர்த் தேவைக்கு இத்துணை இரும்பு வேண்டியதில்லை. எனவே கப்பலேறிச் சென்றிருக்கவேண்டும் என்பர். வட்ட வடிவ அடித்தளத்தின் மீது சதுரமாக எழுப்பிய செங்கல் வழிபாட்டு மேடை ஒன்றும் உண்டு. அதன் காலம் கி.பி. 110 அளவினது என்று அகழ்ந்தோர் கணித்தனர். சுங்கை பத்துவின் தொழில் அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்று கூறுவோரும் உளர். அக்கணிப்பு இன்னும் விவாதத்தில் உள்ளது. மேடையைக் கட்டியவர் எச்சமயத்தார் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை.

கடாரமும் நாமும்

தமிழர்க்கும் கெடாவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நாம் மிகுதியாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவற்றுள் சான்றுள்ளது எது, ஆர்வத்தால் சேர்ந்தது எது என்று பிரித்தறிவது நலம்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்தில் ‘காழகம்’ என்னும் இடத்துப் பொருளும் குறிக்கப்படுகிறது. காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை கூறினார். ஆனால் அவர் வாழ்ந்தது அந்நூல் தோன்றி ஆயிரம் ஆண்டுகளுக்கும் பின்னர் என்பதை மறத்தலாகாது. இதற்கு மாறாக, பதினொன்றாம் நூற்றாண்டுச் சான்றுகள் உறுதியானவை. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராச சோழர் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தமை செப்பேட்டில் உள்ளது. அவர் மகன் இராசேந்திரர் 1025-ஆம் ஆண்டில் கடற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கியமை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உள்ளது. தந்தை காலத்தில் நட்பு. மகன் காலத்தில் போர்.

அப்போரை மட்டும் நினைவில் வைத்து, இந்நாட்டின் பழைய நாகரிகம் முழுவதையும் நம் முன்னோரே வந்து படைத்தனர் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. மண்ணிலிருந்து கிடைத்த சான்று அவ்வாறு கூறவில்லை. இராசேந்திரரின் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சுங்கை பத்துவில் உலை எரிந்துகொண்டிருந்தது. துருத்தி ஊதியவரும் செங்கல் சுமந்தவரும் இம்மண்ணின் மக்கள். இந்திய வணிகரும் சீன வணிகரும் பின்னர் அரபு நாட்டவரும் அவர்களிடம் வந்தனர். வாங்கினர், விற்றனர், தங்கினர், வழிபட்டனர். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் ஒரே நிலத்தில் கலந்து கிடைத்தன. விருந்தாளியாகவும் வணிகராகவும் வந்தோருள் தமிழரும் இருந்தனர் என்பதே நமக்குப் போதுமான பெருமை. அதற்கு மேல் உரிமை கொண்டாடினால், உலையடியில் வெந்தவரின் உழைப்பை நாம் பறித்ததாகும்.

பதினோராம் எண்

குவாரிச் வேல்ஸ் எண்ணிட்ட இடங்களுள் பதினோராவது, சுங்கை பத்துத் தோட்டப் பகுதியில் இருந்த ஒரு கோயிலின் அடித்தளம். அந்நிலம் தனியாருடையது, மரபுடைமை இடமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்த இயந்திரங்கள் அவ்வடித்தளத்தையும் வழித்துச் சென்றன. 2013-ஆம் ஆண்டு இறுதியில் செய்தி வெளிவந்த போது நாடெங்கும் வருத்தம் எழுந்தது. ஆயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கியது சில மணி நேர இயந்திர வேலைக்குத் தாங்கவில்லை. மீண்டும் கட்டலாம் என்று சிலர் கூறினர். கல்லை அடுக்கலாம்; ஆனால் கல்லுக்கு அடியில் இருந்த மண்ணடுக்கை எவரால் அடுக்க முடியும்?

இயந்திரத்தை ஓட்டியவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தாம் எதன் மீது செல்கிறோம் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனவே நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே சொல்லிவைக்கின்றோம்.

வடிகால் வெட்டும் போதோ, நடவுக் குழி தோண்டும் போதோ, சரிவை வெட்டிப் பாதை அமைக்கும் போதோ, வரிசையாக அமைந்த செங்கல், குழி குடைந்த சதுரக் கல், துளையுள்ள சுடுமண் குழல், கனமான கருங்கிட்டம், பழைய பானை ஓடு, மணி ஆகியவை தென்பட்டால் அவ்விடத்தில் வேலையை நிறுத்துக. பொருளைப் பெயர்த்தெடுக்க வேண்டா. ஒரு குச்சியை நட்டு இடத்தை அடையாளம் செய்க. தோட்ட நிருவாகத்திடம் தெரிவித்து, மாவட்ட அதிகாரியின் அலுவலகத்துக்கோ தேசிய மரபுடைமைத் துறைக்கோ செய்தி சேரச் செய்க. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் கண்டெடுத்தவர் உடனே அறிவிக்க வேண்டும் என்றே கூறுகிறது. ஆதலால் வேலையை நிறுத்தியதற்காக எவரும் தயங்கவோ அஞ்சவோ வேண்டியதில்லை.

கண்டெடுக்கப்படும் பொருள்கள் எத்தகையவை என்பதை அறிய, பள்ளிப் பிள்ளைகளுடன் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அரும்பொருளகத்துக்கு ஒரு விடுமுறை நாளில் சென்று வரலாம். 1980-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்விடம் புக்கிட் பத்து பகாட் கோயிலின் அருகிலேயே உள்ளது. வேறிடங்களில் கண்டெடுத்த பெண்டாங் டாலாம், பெண்டியாட் முதலிய கோயில்களின் அடித்தளங்களையும் அங்கே கொணர்ந்து அமைத்துள்ளனர்.

மண்வெட்டி பட்டு ஒரு பொருள் முன்னரே பெயர்ந்து வந்துவிட்டால், அது கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் அன்றே ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பொருளை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். அழுக்காக இருக்கிறதே என்று கழுவ வேண்டா. அதில் ஒட்டியிருக்கும் கரியையும் மண்ணையும்தான் ஆய்வாளர் முதலில் பார்ப்பார்.